வெளிநாட்டுச் சுற்றுலா: ஹோட்டலுக்குப் பணம் கட்டும் முன் கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியவை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் சில மாதங்கள் பாட்டுக் கேட்பதிலும், படம் பார்ப்பதிலும், மெயில் அனுப்புவதிலும் கழிக்கிறார்கள். அதன் பிறகு "இதை வைத்து வீட்டுக்கு உருப்படியாக என்ன செய்யலாம்?" என்ற கேள்வி வரும். என்னுடைய பதில்களில் ஒன்று, குடும்பத்தின் வெளிநாட்டுச் சுற்றுலாவை நாமே திட்டமிடுவது. இதற்குத் தனி சாப்ட்வேர் எதுவும் வாங்க வேண்டாம். இன்டர்நெட் இணைப்பு, ஒரு பிரவுசர், எக்ஸெல் போன்ற ஒரு ஒர்க்‌ஷீட் புரோகிராம் இருந்தால் போதும். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் அல்லது கூகுள் ஷீட்ஸ் பயன்படுத்தலாம்.

எடுத்துக்காட்டாக, திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நான்கு இரவுகள் செல்ல எங்கள் குடும்பத்துக்கு நான் போட்ட திட்டத்தையே இங்கு விளக்குகிறேன். மொத்தம் ஆறு பேர். நான், மனைவி, ஒன்பது வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு குழந்தைகள், முழங்கால் வலி உள்ள அப்பா, சைவம் மட்டுமே சாப்பிடும் அம்மா. ஓராண்டாகச் சேர்த்த பணம். தவறான ஹோட்டலைப் பிடித்துவிட்டால் பணத்துடன் அப்பாவின் கால்களும் சேர்ந்து வருந்தும். நீங்கள் வேறு நாட்டுக்குச் செல்வதாக இருந்தாலும் வழிமுறை இதேதான்.

முதலில் நாட்கள், பிறகு ஹோட்டல்

பலரும் ஹோட்டல் தளத்தைத் திறந்து, மலிவான அறையைப் பிடித்துவிட்டு, அதன் பிறகு எங்கே போவது என்று யோசிக்கிறார்கள். இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். எந்த நாளில் எங்கே போகிறோம் என்று முடிவு செய்தால்தான், எந்தப் பகுதியில் தங்கினால் அலைச்சல் குறையும் என்பது தெரியும்.

புதிய ஒர்க்‌ஷீட் ஒன்றைத் திறந்து கொள்ளுங்கள். முதல் வரிசையில் தேதி, காலை, மாலை, ரயில் நிலையம், கட்டணம், குறிப்பு என்று தலைப்புகளைக் கொடுங்கள். ஒரு நாளுக்கு ஒரு வரி. ஒரு நாளில் ஒரு பெரிய இடம் மட்டுமே என்று வைத்துக் கொள்ளுங்கள். குழந்தைகளும் பெரியவர்களும் சேர்ந்து வரும்போது இரண்டு பெரிய இடங்களை ஒரே நாளில் திணித்தால் இரண்டையுமே சரியாகப் பார்க்க முடியாது.

எங்கள் ஷீட் இப்படி அமைந்தது. முதல் நாள் ஓய்வு. மாலையில் லிட்டில் இந்தியா, வீரமாகாளியம்மன் கோயில், முஸ்தபா சென்டர். இரண்டாம் நாள் கார்டன்ஸ் பை த பே. மூன்றாம் நாள் செந்தோசா தீவு. நான்காம் நாள் மண்டாயில் உள்ள மிருகக்காட்சி சாலையும் நைட் சபாரியும். ஐந்தாம் நாள் ஊர் திரும்புதல். நைட் சபாரி இரவு 7:15 மணிக்குத்தான் தொடங்குகிறது. அதனால் அன்று பகலில் தாமதமாகக் கிளம்புவது என்றும், மறுநாள் காலையில் எந்த வேலையும் வேண்டாம் என்றும் குறிப்பு காலத்தில் எழுதி வைத்தேன்.

தகவல் புதியதா என்று பாருங்கள்

தேடுதளத்தில் இடங்களைத் தேடும்போது பழைய கட்டுரைகளும் வந்து நிற்கும். ஜூரோங் பறவைப் பூங்காவைப் புகழ்ந்து எழுதிய பக்கங்கள் இன்னும் கிடைக்கின்றன. அந்தப் பூங்கா 2023 ஜனவரியில் மூடப்பட்டது. பறவைகள் மண்டாய்க்கு மாற்றப்பட்டு, அதே ஆண்டு மே மாதம் பேர்ட் பாரடைஸ் என்ற பெயரில் திறக்கப்பட்டது. செந்தோசாவில் இருந்த உயரமான மெர்லயன் சிலையும் 2019 அக்டோபரில் மூடப்பட்டுவிட்டது. அங்குள்ள எஸ்.இ.ஏ. அக்வேரியம் விரிவாக்கப்பட்டு, 2025 ஜூலை முதல் சிங்கப்பூர் ஓஷனேரியம் என்ற பெயரில் இயங்குகிறது.

இதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. கூகுளில் தேடல் முடிவுகள் கிடைத்தவுடன், மேலே உள்ள டூல்ஸ் என்பதில் கிளிக் செய்திடுங்கள். எனி டைம் என்று ஒரு பிரிவு கிடைக்கும். அதில் பாஸ்ட் இயர் என்பதைத் தேர்ந்தெடுத்தால், பெரும்பாலும் கடந்த ஓராண்டில் வந்த பக்கங்கள் மட்டும் காட்டப்படும். இறுதியாக, அந்த இடத்தின் சொந்தத் தளத்துக்கே சென்று நாளையும் நேரத்தையும் உறுதி செய்யுங்கள். கார்டன்ஸ் பை த பேயில் உள்ள கண்ணாடிக் குடில்கள் பராமரிப்புக்காகக் குறிப்பிட்ட சில நாட்களில் மூடப்படும். அந்தத் தேதிகள் தளத்தில் தரப்பட்டிருக்கும்.

மேப்பில் புள்ளி வையுங்கள்

அடுத்து கூகுள் மேப்ஸ் தளத்தைத் திறந்து, உங்கள் கூகுள் அக்கவுண்ட் மூலம் உள்ளே செல்லுங்கள். ஷீட்டில் உள்ள ஒவ்வொரு இடத்தையும் தேடி, சேவ் என்ற பட்டனைக் கிளிக் செய்து, வாண்ட் டு கோ பட்டியலில் சேர்த்திடுங்கள். எல்லாம் முடிந்தபின் மேப்பைச் சற்றுச் சிறிதாக்கிப் பார்த்தால், நீங்கள் போகும் இடங்கள் நகரில் எப்படிச் சிதறி இருக்கின்றன என்பது ஒரே பார்வையில் தெரியும். மொபைல் போனின் சிறிய திரையில் இந்த வசதி குறைவு. கம்ப்யூட்டரில் விண்டோஸ் கீயை அழுத்திக் கொண்டு இடது அம்புக் குறி கீயைத் தட்டினால் மேப் இடது பாதியில் அமரும். வலது பாதியில் ஒர்க்‌ஷீட்டை வைத்துக் கொண்டு இரண்டையும் பார்த்துக்கொண்டே வேலை செய்யலாம்.

எங்கள் மேப்பில் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தில் இரண்டு எம்.ஆர்.டி. பாதைகள் சந்திக்கின்றன. நார்த் ஈஸ்ட் பாதையில் ஏறினால் மாறாமல் ஹார்பர்பிரண்ட் செல்லலாம். செந்தோசாவுக்கு அங்கிருந்துதான் மோனோ ரயில். டவுன்டவுன் பாதையில் ஏறினால் நான்காவது நிறுத்தம் பேபிரண்ட், அதாவது கார்டன்ஸ் பை த பே. மண்டாய்க்கு மட்டும் டோபி காட் நிலையத்தில் ஒரு முறை மாறி, காத்திப் நிலையத்தில் இறங்கி, ஷட்டில் பஸ் பிடிக்க வேண்டும். அம்மாவுக்குச் சைவச் சாப்பாடு சிராங்கூன் சாலை முழுவதும் கிடைக்கிறது. எங்கே தங்குவது என்ற கேள்விக்கு மேப்பே பதில் சொல்லிவிட்டது.

பயண நேரத்தை அறிய, டைரக்‌ஷன்ஸ் பட்டனைக் கிளிக் செய்து புறப்படும் இடத்தையும் சேரும் இடத்தையும் கொடுங்கள். ரயில் படம் உள்ள ஐகானைத் தேர்ந்தெடுத்து, லீவ் நவ் என்று இருப்பதை டிபார்ட் அட் என மாற்றி, நீங்கள் கிளம்பும் நாளையும் நேரத்தையும் தந்திடுங்கள். எத்தனை நிமிடம், எங்கே மாற வேண்டும், எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்ற விவரங்கள் கிடைக்கும். நடக்கும் தூரத்தை மறக்காமல் ஷீட்டில் எழுதுங்கள். வயதானவர்களுக்கு ரயிலில் அமர்ந்து செல்லும் நேரத்தை விட நடக்கும் தூரமே முக்கியம்.

பகுதியின் பெயரையும் விசாரியுங்கள்

ஹோட்டல் தளங்களில் விலை குறைந்தது முதலில் என்று வரிசைப்படுத்தினால், ஒரே பகுதியின் பெயர் மீண்டும் மீண்டும் வரக்கூடும். சிங்கப்பூரில் கேலாங் அப்படிப்பட்ட ஒரு பகுதி. உணவுக்குப் பெயர் பெற்ற இடம்தான். ஆனால் அதன் சில சந்துகள் பாலியல் தொழில் நடக்கும் இடங்களாகவும் அறியப்பட்டவை. குழந்தைகளுடன் செல்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்வது நல்லது. எந்த ஊராக இருந்தாலும், ஹோட்டலைப் பார்க்கும் முன் அந்தப் பகுதியின் பெயரைத் தனியாகத் தேடி இரண்டு பக்கங்களாவது படியுங்கள்.

தேடும்போது தர வேண்டிய விவரங்கள்

புக்கிங் டாட் காம், அகோடா போன்ற தளங்களில் தேடும்போது மூன்று விவரங்களைச் சரியாகத் தர வேண்டும்.

1. தேதி: நள்ளிரவைத் தாண்டிப் புறப்படும் விமானம் என்றால் கவனம் தேவை. 10 ஆம் தேதி இரவு வீட்டிலிருந்து கிளம்பினாலும், விமானம் 1 மணிக்கு என்றால் டிக்கெட்டில் 11 ஆம் தேதி என்றே இருக்கும். சிங்கப்பூர் நம்மை விட இரண்டரை மணி நேரம் முந்தியது. எனவே அங்கு இறங்கும்போது 11 ஆம் தேதி காலை ஆகியிருக்கும். ஹோட்டல் அறையோ பெரும்பாலும் பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குத்தான் தருவார்கள். பெட்டிகளை முன்கூட்டியே வாங்கி வைத்துக் கொள்வார்களா என்று மெயில் அனுப்பிக் கேளுங்கள்.

2. ஆட்கள்: குழந்தைகளின் வயதை உள்ளபடியே தாருங்கள். இரண்டு பெரியவர்கள் என்று மட்டும் கொடுத்துக் குறைந்த விலை பார்த்துவிட்டு, அங்கே சென்று குழந்தைகளையும் சேர்த்துக் கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம். ஓர் அறையில் எத்தனை பேர் என்ற வரம்பு உண்டு. கூடுதல் கட்டிலுக்குக் கட்டணமும் கேட்பார்கள்.

3. கட்டில்: டபுள் என்றால் ஒரே பெரிய கட்டில். டுவின் என்றால் இரண்டு தனிக் கட்டில்கள். அடுத்தடுத்த இரண்டு அறைகள் உள்ளேயே கதவால் இணைந்திருந்தால் கனெக்டிங் ரூம். இது வேண்டும் என்றால் ஹோட்டலிடம் எழுத்தில் உறுதி வாங்குங்கள்.

போட்டோவை விட எண்களை நம்புங்கள்

அகலமான லென்ஸில் எடுத்த படத்தில் சிறிய அறையும் மண்டபம் போலத் தெரியும். அறையின் அளவு சதுர மீட்டரில் தரப்பட்டிருக்கும். ஒரு சதுர மீட்டர் 10.76 சதுர அடி. 14 சதுர மீட்டர் என்றால் ஏறத்தாழ 150 சதுர அடி. அதாவது 10 அடிக்கு 15 அடி. பெரும்பாலும் குளியலறையும் இதற்குள்ளேயே அடங்கிவிடும். இரண்டு பெட்டிகளைத் திறந்து வைக்க இடம் இருக்குமா என்று நீங்களே கணக்கிடலாம்.

சிங்கப்பூரில் விலை குறைந்த ஹோட்டல்கள் பலவற்றில் ஜன்னலே இல்லாத அறைகள் உண்டு. அறையின் பெயருக்குப் பக்கத்தில் நோ விண்டோ என்று சிறிய எழுத்தில் இருக்கும். அதே போல, பழைய கடைவீட்டுக் கட்டடங்களை மாற்றி அமைத்த ஹோட்டல்கள் சிலவற்றில் லிப்ட் கிடையாது. வசதிகள் பட்டியலில் லிப்ட் அல்லது எலிவேட்டர் என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். பக்கம் நீளமாக இருந்தால் கண்ட்ரோல் கீயுடன் எஃப் கீயை அழுத்துங்கள். கிடைக்கும் சிறிய கட்டத்தில் சொல்லை டைப் செய்தால் அது எங்கிருக்கிறது என்று காட்டப்படும்.

இன்னொரு நல்ல வசதி ஸ்ட்ரீட் வியூ. கூகுள் மேப்ஸில் வலது கீழ் மூலையில் மஞ்சள் நிறத்தில் ஒரு சிறிய மனித உருவம் இருக்கும். அதை மவுஸால் இழுத்து ஹோட்டல் உள்ள தெருவில் விடுங்கள். அந்தத் தெருவில் நின்று பார்ப்பது போலக் காட்சி கிடைக்கும். நான் இதைச் செய்துகொண்டிருந்தபோது பின்னால் நின்ற அப்பா, "வாசல்ல எத்தனை படின்னு பாருப்பா" என்றார். ஒரு ஹோட்டலுக்கு ஐந்து படிகள். இன்னொன்றுக்கு ஒன்றுகூட இல்லை. அப்பாவே தேர்ந்தெடுத்துவிட்டார். காட்சியின் ஓரத்தில் அது எப்போது எடுக்கப்பட்டது என்பதும் இருக்கும். மிகவும் பழையது என்றால் ஹோட்டலிடம் கேட்டு உறுதி செய்யுங்கள்.

இரண்டு பிளஸ் குறிகளின் விலை

சிங்கப்பூரில் விலைக்குப் பின்னால் இரண்டு பிளஸ் குறிகள் போட்டிருந்தால், அது முழு விலை அல்ல. அதன் மேல் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் சேரும். இரண்டையும் கூட்டிய தொகையின் மேல் 9 சதவீதம் ஜி.எஸ்.டி. வரும். 2024 ஜனவரி முதல் அங்கு இந்த 9 சதவீதம் நடைமுறையில் இருக்கிறது.

இதை ஒர்க்‌ஷீட்டில் கணக்கிடலாம். பி2 செல்லில் பிளஸ் குறியுள்ள விலையை டைப் செய்திடுங்கள். சி2 செல்லில் சமக் குறி போட்டு, பி2 என்று ஆங்கில எழுத்தில் தந்து, பெருக்கலுக்கான நட்சத்திரக் குறி, 1.1, மீண்டும் நட்சத்திரக் குறி, 1.09 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். முழு விலை கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, முதல் ஹோட்டல் 150 டாலர், இரண்டு பிளஸ் குறிகளுடன். இரண்டாவது ஹோட்டல் எல்லாம் சேர்த்து 170 டாலர். பார்த்தவுடன் முதலாவது மலிவு என்று தோன்றும். ஷீட்டில் போட்டால் அது 179.85 டாலர். இரண்டு அறைகள், நான்கு இரவுகள் என்றால் முதல் ஹோட்டலுக்கு 1,438.80 டாலர், இரண்டாவதற்கு 1,360 டாலர். மலிவாகத் தெரிந்தது 78.80 டாலர் அதிகம்! தளங்கள் சில நேரம் ஓர் இரவு விலையையும், சில நேரம் மொத்த விலையையும் காட்டும். எனவே கடைசிப் பக்கத்தில், பணம் கட்டுவதற்கு முன் வரும் மொத்தத் தொகையை மட்டுமே ஷீட்டில் ஏற்றி ஒப்பிடுங்கள்.

கார்டில் கட்டினால் வெளிநாட்டுப் பணத்துக்கான கூடுதல் கட்டணமும் உண்டு. சில கார்டுகளில் இது 3.5 சதவீதம் வரை இருக்கும். அதன் மேல் நம் ஊர் ஜி.எஸ்.டி. தனி. உங்கள் கார்டுக்கு எவ்வளவு என்று வங்கித் தளத்தில் பார்த்து, அதற்கும் ஒரு காலம் ஒதுக்குங்கள். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை வசதி நிறுத்தி வைக்கப்பட்டிருக்கலாம். நெட் பேங்கிங் மூலம் முன்கூட்டியே அதை இயக்கிக் கொள்ளுங்கள்.

விமர்சனங்களைப் படிக்கும் முறை

மொத்த மதிப்பெண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். புதியவை முதலில் என்று வரிசைப்படுத்தி, கடந்த ஆறு மாதங்களில் எழுதப்பட்டவற்றைப் படியுங்கள். அடுத்து குறைந்த மதிப்பெண் தந்தவர்களின் குறைகளைப் பாருங்கள். ஒருவர் மட்டும் சொன்னது அவரது துரதிர்ஷ்டமாக இருக்கலாம். பத்துப் பேர் ஈரவாடை என்றோ மூட்டைப்பூச்சி என்றோ எழுதியிருந்தால் அது ஹோட்டலின் குணம். குழந்தைகளுடன் தங்கியவர்கள் எழுதியது, தங்கியவர்களே எடுத்த படங்கள் ஆகியவற்றுக்குக் கூடுதல் மதிப்புக் கொடுங்கள்.

ரத்து செய்யும் வசதி

இந்தியர்கள் சிங்கப்பூர் செல்ல விசா தேவை. விசா கையில் கிடைக்கும்வரை, பணம் திரும்பக் கிடைக்காத நான் ரீஃபண்டபிள் அறையை எடுக்க வேண்டாம். சில டாலர்கள் கூடுதல் என்றாலும் ஃப்ரீ கேன்சலேஷன் உள்ள அறையையே எடுங்கள். கடைசித் தேதி பெரும்பாலும் ஹோட்டல் இருக்கும் நாட்டின் நேரப்படி கணக்கிடப்படும். 18 ஆம் தேதி இரவு 11:59 என்று இருந்தால், நமக்கு அது இரவு 9:29. இந்தத் தேதியை ஷீட்டில் சிவப்பு நிறத்தில் எழுதி வையுங்கள்.

மோசடிகளில் சிக்காதீர்கள்

பதிவு முடிந்தபின் "உங்கள் கார்டை உறுதி செய்யவில்லை என்றால் அறை ரத்தாகும்" என்று மெயிலிலோ வாட்ஸ்ஆப்பிலோ ஒரு லிங்க் வரலாம். உங்கள் பெயர், தேதி எல்லாம் சரியாக இருந்தாலும் அதில் கிளிக் செய்ய வேண்டாம். பிரவுசரில் தளத்தின் முகவரியை நீங்களே டைப் செய்து உள்ளே சென்று பாருங்கள். உண்மையான தகவல் என்றால் அங்கேயும் இருக்கும். சந்தேகம் இருந்தால் ஹோட்டலுக்கு நேரடியாகப் போன் செய்யுங்கள்.

சிங்கப்பூர் செல்பவர்கள் எஸ்.ஜி. அரைவல் கார்டு என்ற படிவத்தை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் இதைச் செய்யலாம். இது முற்றிலும் இலவசம். ஆனால் தேடுதளத்தில் தேடினால், அரசுத் தளம் போலவே அமைந்து கட்டணம் கேட்கும் தளங்களும் வரும். சிங்கப்பூர் அரசுத் தளங்களின் முகவரி பொதுவாக ஜிஓவி டாட் எஸ்ஜி என்று முடியும். அதைச் சரி பார்த்த பிறகே பாஸ்போர்ட் எண்ணைத் தாருங்கள்.

பேப்பரிலும் ஒரு காப்பி

எல்லாம் முடிந்ததும், ஹோட்டல் உறுதிச் சீட்டைத் திறந்து, கண்ட்ரோல் கீயுடன் பிரிண்ட்டுக்கான பி கீயை அழுத்துங்கள். பிரிண்டர் பட்டியலில் சேவ் அஸ் பி.டி.எஃப். என்பதைத் தேர்ந்தெடுத்தால் அது பைலாகச் சேமிக்கப்படும். விமான டிக்கெட், விசா, ஒர்க்‌ஷீட் எல்லாவற்றையும் இப்படியே ஒரு போல்டரில் போட்டு, உங்களுக்கே மெயில் அனுப்பிக் கொள்ளுங்கள். இரண்டு காப்பிகள் பிரிண்ட் எடுத்து, ஒன்றை உங்கள் பையிலும் மற்றொன்றை வீட்டில் வேறொருவர் பையிலும் வையுங்கள். வெளிநாட்டில் மொபைல் சார்ஜ் தீர்ந்தாலும் ஹோட்டல் முகவரி கையில் இருக்கும்.

இவ்வளவும் செய்ய எனக்கு மூன்று மாலைப் பொழுதுகள் ஆயின. ஏஜெண்ட் மூலம் செல்ல விரும்புபவர்களும் இந்த ஷீட்டைத் தயார் செய்துகொண்டு பேசலாம். அவர் சொல்லும் ஹோட்டல் எந்த நிலையத்துக்கு அருகில், அறை எத்தனை சதுர மீட்டர், ஜன்னல் உண்டா, லிப்ட் உண்டா, விலை வரியுடனா என்று நீங்கள் கேட்கும் கேள்விகளுக்கு அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். பணம் கட்டுவதற்கு முன் கேட்கும் கேள்விக்குத்தான் மதிப்பு.